எங்களுக்காகக் காய்ச்சிய கூழ்

புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

இப்படியான எழுத்தை வழக்கமாக ஓய்வுபெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. மேற்படிப்புக்காக இந்த மாத முடிவில் ஆய்விலிருந்து விலகுகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டு, "கோப்பிலை உள்ளதை அவை வாசிப்பினம். கோப்பிலை இல்லாததை நீர் எழுதி வையும்" என்று சொல்லிவிட்டார்.

கோப்பில் என்னென்ன இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். மூட்டிலிருந்து நீர் எடுப்பது, எடுத்ததை ஆறவிடாமல் பார்ப்பது, இரத்தக் குழாய்களை எந்த ஒழுங்கில் நிரப்புவது, மிஞ்சிய மருந்துக் குளிசைகளை எப்படி எண்ணுவது. எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு ஒட்டியிருக்கிறேன். பட்டியல் போடுவது என் சுபாவம். இரத்தம் எடுக்க என்னோடு வரும் தாதிய உத்தியோகத்தர் ஜெயம் அண்ணையை இன்றைக்குச் சந்தித்திருப்பீர்கள். "தங்கச்சி நித்திரைக்குப் போறதுக்கும் ஒரு பட்டியல் வைச்சிருக்கிறா" என்று அவர் சொல்லியிருப்பார். அது உண்மைதான். முதலாவது வரி, போனை அடுத்த அறையில் வைப்பது.

கோப்பில் இல்லாதது ஒன்றைத்தான் எழுதப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு சிறிய சம்பவம். அது இல்லாமல் பெரியது விளங்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முழங்கால் வீங்கிய ஒருவரின் மூட்டு நீர் எங்கள் நுணுக்குக்காட்டிக்கு வந்தது. மூட்டுக்குள் யூரிக் அமிலம் படிந்தால் ஊசி ஊசியான பளிங்குகளாகத் தெரியும். சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்த மற்ற வகை, சாய்த்து வைத்த சதுரம் போலக் கிடக்கும். அன்றைய நீரில் இரண்டும் இல்லை. வட்ட வட்டமாக, ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு சிலுவையோடு, இருண்ட பின்னணியில் எதுவோ மின்னிக்கொண்டு மிதந்தது. ஆய்வுகூடத்தில் இருந்த எல்லோரும் முறை வைத்துப் பார்த்தோம். இது இதுவரை ஒருவரும் கண்டிராத பளிங்காக இருக்கக்கூடும் என்று ஒருவர் சொன்னார். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற கதைகூடத் தொடங்கிவிட்டது. பெரிய டொக்டர் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"இண்டைக்கு ஆர் மாப்பூசின கையுறை போட்டது?"

அது சோள மா. கையுறை இலகுவாகக் கைக்குள் போவதற்காக உட்புறத்தில் பூசும் மா, எங்கள் விரலிலிருந்து கண்ணாடித் தட்டுக்கு வந்திருந்தது. நோயாளியின் முழங்காலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்றைக்கு டொக்டர் சொன்னது இதுதான்: "ஒண்டு மின்னினா, அது அவரிட்டை இருந்து வந்ததோ, எங்களிட்டை இருந்து போனதோ எண்டு முதல்லை கேளுங்கோ."

நுணுக்குக்காட்டிக்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்பது சுலபம். ஒரு வீட்டுக்குள் கேட்பது எவ்வளவு கடினம் என்று எனக்குக் காட்டியவர் சூசை அண்ணை.

சூசை அண்ணை குருநகர்க்காரர். கடற்கரையில் படகு எஞ்சின் திருத்துபவர். ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் கிளினிக்குக்கு அவர் முதன்முதல் வந்தபோது ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் மனைவியின் செருப்பும் போட்டிருந்தார். வீங்கிச் சிவந்திருந்த கால் பெருவிரலுக்கு அந்தச் செருப்பு மட்டும்தான் பொருந்தியதாம். அந்த மூட்டு நீரில் ஊசிப் பளிங்குகள் நிறைந்து கிடந்தன. சந்தேகத்துக்கு இடமே இல்லை. யூரிக் அமிலத்தைப் படிப்படியாகக் குறைக்கும் குளிசையைத் தொடங்கி, மாதாமாதம் வீட்டுக்குப் போய் இரத்தம் எடுத்து, அளவைக் கூட்டிக் கூட்டிக் கொண்டுபோவதுதான் எங்கள் ஆய்வு. அவர் சேர்ந்துகொண்டார். சேரும்போதே தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டார்.

"பிள்ளை, எங்கட கோயில் பெருநாளுக்கு நான் கோலிலை நிக்கவேணும்."

அவருடைய தேவாலயப் பங்கின் உதைபந்தாட்டக் கழகத்துக்கு, இளவயது முதல் அவர்தான் கோல் காப்பாளர். இப்போது பெருநாள்தோறும் பக்கத்துப் பங்கோடு மூத்தோர் ஆட்டம் ஒன்று நடக்கும். போன பெருநாளுக்குக் கால் வீங்கியதால் அவரைக் கோட்டுக்கு வெளியே கதிரையில் இருத்திவிட்டார்கள். அவருடைய இடத்தில் நின்றவர் அவருடைய மச்சான்.

"அவன் வாங்கின கோல் எல்லாம் அவன்ரை காலுக்குள்ளாலைதான் போனது. நான் கதிரையிலை இருந்து பாத்துக்கொண்டு இருக்கிறன். எனக்குக் கால் நோவு மறந்து போச்சு பிள்ளை, அவ்வளவு நோவு."

இந்த முறையும் முடியாவிட்டால் இனிமேல் நிரந்தரமாக மச்சான்தான் என்று கழகத்தில் முடிவாகியிருந்தது. ஆகவே அவருக்கு வேண்டியது அந்த ஒரு மாலைப்பொழுதில் இரண்டு காலிலும் நிற்பது. குளிசை நன்றாகச் சேர்ந்து வேலைசெய்யப் பெருநாள்வரைக்கும் போதிய மாதங்கள் இருந்தன. நடக்கக்கூடிய காரியம்தான் என்று நாங்களும் நினைத்தோம்.

முதலாவது வீட்டுப் பயணத்தில், நானும் ஜெயம் அண்ணையும் ஓட்டோவில் போய் அவர்களின் குறுகிய ஒழுங்கைத் தெருவுக்குள் திரும்பும்போதே வாசம் வந்தது. சூசை அண்ணையின் மனைவி றோசலின் அக்கா பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார். நண்டு, றால், கணவாய், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை என்று பானை நிறையக் கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரத்தம் எடுத்து, காலைப் பார்த்து, கேள்விகளைக் கேட்டு முடிக்கும்போது, மேசையில் இரண்டு கோப்பைகள் நிரம்பியிருந்தன. பெரிய நண்டுக் கால்கள் எல்லாம் அந்த இரண்டுக்குள்ளும்தான் கிடந்தன.

ஆய்வில் ஒரு விதி இருந்தது. ஆய்வில் சேர்ந்தவர்களின் வீட்டில் தண்ணீரைத் தவிர எதையும் வாங்கக்கூடாது. நல்ல நோக்கத்தோடு எழுதிய விதி. எங்களால் எந்த வீட்டுக்கும் செலவோ சிரமமோ வரக்கூடாது என்பதுதான் காரணம்.

"பிள்ளை, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கோ" என்றார் றோசலின் அக்கா.

"வேண்டாம் அக்கா. எங்களை விடமாட்டினம்."

"ஆர் விடாயினம்?"

"பெரிய டொக்டர்."

"அவருக்கு நான் சொல்லமாட்டன்."

ஜெயம் அண்ணை கோப்பையைப் பார்த்தபடியே பெருமூச்சு விட்டார். "அக்கா, நானும் சொல்லமாட்டன். ஆனா இந்தப் பிள்ளை சொல்லிப்போடும். எல்லாத்தையும் எழுதி வைக்கிற பிள்ளை இது."

சிரித்துக்கொண்டு வெளியேறினோம். நாங்கள் விதியைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரு நிறைவுகூட இருந்தது.

இரண்டு நாள் கழித்து சூசை அண்ணை போன் எடுத்தார். "பிள்ளை, கால் வீக்கம் திரும்பக் கிளம்பிட்டுது. போர்வை படவும் ஏலாமல் கிடக்கு."

அடுத்த மாதமும் போனோம். இரத்தத்தில் யூரிக் அமிலம் ஒழுங்காக இறங்கியிருந்தது. கூழ் காய்ச்சியிருந்தது. நன்றி சொல்லி மறுத்தோம். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

இப்படியானதற்குத்தான் நாங்கள் கூடிக் கதைக்கும் வாராந்தக் கூட்டம் இருக்கிறது. நீங்களும் இனி அதில் இருப்பீர்கள். குளிசை தொடங்கிய புதிதில் சிலருக்கு வீக்கம் வருவது வழமை. அதைத் தடுக்கக் கொடுக்கும் மருந்து சூசை அண்ணையின் வயிற்றுக்கு ஒத்துவரவில்லை. ஆனால் வீக்கம் ஏன் எங்கள் பயணத்துக்குப் பின்னால் மட்டும் வருகிறது? ஜெயம் அண்ணை சொன்னார், "நாங்கள் போனாத்தான் வீங்குது. எங்கட காலடி சரியில்லைப் போல." எல்லோரும் சிரித்தோம். அந்தக் கூட்டத்தில் உண்மைக்கு மிகக் கிட்டப் போன வசனம் அதுதான். ஆனால் அது பகிடியாக வந்ததால் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய டொக்டர் வெண்பலகையில் ஒரு கோடு வரைந்தார். சூசை அண்ணை மாதம் முழுவதும் குளிசையைப் போடாமல் இருந்துவிட்டு, நாங்கள் வரும் நாள் நெருங்கியதும் அவசரமாகப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறிக் கிடந்த யூரிக் அமிலம் திடீரென்று சரியும். அந்தச் சரிவே மூட்டில் படிந்ததைக் கலைத்து வீக்கத்தைக் கிளப்பும். எடுத்த இரத்தத்தில் அளவு நன்றாக இருக்கும், இரண்டு நாளில் கால் வீங்கும். குளிசை எண்ணிக்கை சரியாக இருந்தது என்று நான் சொன்னேன். குளிசையைக் கொட்டிவிடுவது பெரிய வேலையா என்று டொக்டர் கேட்டார்.

அந்த விளக்கம் அழகாக இருந்தது. ஒவ்வொரு தரவும் அதற்குள் இடறாமல் போய் உட்கார்ந்தது. அடுத்த பயணத்துக்குப் பிறகும் வீங்கினால், குளிசை ஒழுங்காகப் போடாதவர் என்று குறித்து அவரை ஆய்விலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. எடுத்தால் பொதுக் கிளினிக்குக்கு அனுப்புவோம் என்பது காகிதத்தில் உள்ளது. சூசை அண்ணை அங்கே போய் வரிசையில் இருக்கமாட்டார். பாமசியில் நோவுக் குளிசையை வாங்கி விழுங்கிக்கொண்டு கதிரையில் போய் இருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கூட்டம் முடிந்து நான் அவருக்குப் போன் எடுத்து நேரடியாகவே கேட்டேன். குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா? அவர் கோபிக்கவில்லை.

"பிள்ளை, பந்து கோட்டைத் தாண்டினா தாண்டினதுதான். தாண்டேல்லை எண்டு நான் ஒருநாளும் றெஃபரியோடை நிண்டு வாதாடினதில்லை. நான் குளிசை போடாட்டி, போடேல்லை எண்டு சொல்லியிருப்பன்."

இதைத் தரவு என்று எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. ஆனால் நான் அதைக் கேட்டபிறகு, வெண்பலகைக் கோடு எனக்கு முன்னைப்போல் அழகாகத் தெரியவில்லை.

மூன்றாவது பயணம். அதே ஒழுங்கை, அதே வாசம். எல்லா வேலையும் முடிந்தது. கோப்பைகள் நிரம்பியிருந்தன. நாங்கள் மறுத்தோம். றோசலின் அக்கா இந்த முறை வற்புறுத்தவில்லை. "சரி, உங்கட விதி உங்களுக்கு" என்று மட்டும் சொன்னார். அது வற்புறுத்தலைவிட மோசமாக இருந்தது.

ஓட்டோ ஒழுங்கை முடிவில் நின்றது. புறப்படும்போது சாமான்களைச் சரிபார்ப்பது என் வழக்கம். பிறஷர் பார்க்கும் கருவியின் கைப்பட்டி இல்லை. கதிரையின் முதுகில் தொங்கவிட்டது ஞாபகம் வந்தது. ஜெயம் அண்ணையை இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் திரும்பி நடந்தேன்.

வீட்டுக்குள் ஆட்கள் கூடியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இருவர், றோசலின் அக்காவின் தங்கை, மூலையில் ஒரு பெரிய மனிதர் கூழை ஊதிக்கொண்டிருந்தார். அவர்தான் அந்த மச்சான் என்று பிறகு தெரிந்தது. மேசையில் சூசை அண்ணை இருந்தார். அவருக்கு முன்னால் இரண்டு கோப்பைகள். எனக்கும் ஜெயம் அண்ணைக்கும் வார்த்த அதே இரண்டு கோப்பைகள், அதே பெரிய நண்டுக் கால்களோடு. அப்போதுதான் முதல் வாயை வைத்திருந்தார். என்னைக் கண்டதும் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"என்னண்ணை, உங்களுக்கு ரெண்டு கோப்பையோ?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறக்கமுன்னர் றோசலின் அக்கா பதில் சொன்னார். "விருந்துக்கு வந்தவைக்கு வாத்ததைத் திரும்பப் பானைக்குள்ளை ஊத்தமாட்டம் பிள்ளை. எங்கட அம்மா வீட்டிலை இருந்தே அப்பிடி. வீட்டுக்காரர்தான் குடிச்சு முடிக்கவேணும்."

"மாதம் முழுக்கக் குடிக்கிறவரோ?"

"எங்கை? நீங்கள் தந்த தாளை நான் சுவரிலை ஒட்டி வைச்சிருக்கிறன். நண்டு இல்லை, றால் இல்லை, கணவாய் இல்லை. கடற்கரையிலை இருந்துகொண்டு மனிசன் பூசணிக்காய் தின்னுது. நீங்கள் வாற நாளைக்கு மட்டும்தான் பானை ஏறுறது. கூழை ரெண்டு பேருக்கு மட்டும் காச்சேலுமோ? மிச்சம் நாளைக்கும் கிடக்கும்."

நண்டும் றாலும் கணவாயும் யூரிக் அமிலத்தை ஏற்றி வீக்கத்தைக் கிளப்பும் என்பதால் அந்தத் தாளைக் கொடுத்தது நாங்கள்தான். எங்கள் கேள்விக்கொத்து, கடந்த ஒரு வாரத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும்தான் கேட்கும். கூழ் குடித்தது போன பயணத்து நாளில். ஒவ்வொரு முறையும் அது எங்கள் கேள்விக்குப் பிடிபடாத தூரத்துக்குப் போய்விட்டிருந்தது. அவர் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் ஒருநாளும் கேட்கவில்லை. எங்களிடமிருந்து போனதா என்ற கேள்வியை.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வந்துவிட்டேன். கைப்பட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். என்ன செய்யலாம் என்று என் தலைக்குள் வழமைபோல ஒரு பட்டியல் ஓடியது.

உண்மையை அப்படியே சொல்லலாம். "அக்கா, அண்ணையின் கால் வீங்குவது இந்தக் கூழால்தான்." சரியான மருத்துவத் தகவல். ஆனால் அயலவருக்கும் தங்கைக்கும் அந்த மச்சானுக்கும் முன்னால், மாதம் முழுக்கக் கணவனின் வாயைக் கட்டிக் காத்த ஒரு பெண்ணைப் பார்த்து, நீதான் காலை வீங்கவைத்தாய் என்று சொல்வதாக அது முடியும். மச்சான் இருக்கிற இடத்தில் சொன்னால் மாலைக்குள் கழகம் முழுவதற்கும் தெரியும்.

ஒன்றும் சொல்லாமல் போய் டொக்டருக்கு அறிவிக்கலாம். விதிப்படி சரியானது அதுதான். ஆனால் நான் ஒழுங்கையைத் தாண்டமுன்னர் இரண்டு கோப்பையும் முடிந்துவிடும். நாளை மறுநாள் கால் வீங்கும். பெருநாளுக்கு இன்னும் சில மாதங்கள்தான்.

மூன்றாவதாக ஒன்று பட்டியலில் இல்லை. நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். சூசை அண்ணைக்கு முன்னால் இருந்த ஒரு கோப்பையை என் பக்கம் இழுத்தேன்.

"அக்கா, இது எனக்கு வாத்ததுதானே?"

றோசலின் அக்காவின் முகம் மலர்ந்த விதத்தை எனக்கு எழுதத் தெரியாது. "ஓம் பிள்ளை, உமக்குத்தான். பொறும், சூடாக்கித் தாறன்."

"சூடாத்தான் இருக்கு." நான் யன்னலால் எட்டிக் கூப்பிட்டேன். "ஜெயம் அண்ணை, உங்கட கோப்பையும் இஞ்சை இருக்கு."

நான் கூப்பிட்டு முடிப்பதற்கிடையில் அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒழுங்கை முடிவில் இருந்தவர் எப்படி அங்கே வந்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்து, சூசை அண்ணைக்கு முன்னால் இருந்த மற்றக் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்து, "அக்கா, இன்னும் கிடக்கோ?" என்றார். மச்சானும் தன் கோப்பையை நீட்டினார். அந்த நிமிடத்தில் மச்சான்மீதுகூட எனக்கு நன்றி வந்தது. பானை நல்ல வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

சூசை அண்ணை வெறுங்கையோடு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் குடித்து முடித்து எழும்பி, "அண்ணை, ஒருக்கா வெளி முத்தத்துக்கு வாங்கோ, காலை இன்னுமொருக்கா வெளிச்சத்திலை பாக்கவேணும்" என்றேன். முற்றத்தில் நின்று கேட்டேன்.

"போன முறை எப்ப வீங்கினது?"

"நீங்கள் வந்துபோய் ரெண்டாம் நாள்."

"அதுக்கு முதல் முறை?"

"அதுவும் நீங்கள் வந்து…" அவர் நிறுத்தினார். மெல்லத் திரும்பிக் குசினிப் பக்கம் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார், அதில் இன்னும் நண்டு மணத்தது. "அப்ப நீங்கள் குடிக்காத கூழெல்லாம் என்ரை காலுக்கை கிடக்கோ?"

"அப்பிடித்தான் நினைக்கிறன்."

"பிள்ளை, இவளுக்குச் சொல்லாதேங்கோ. விடிய எழும்பி நண்டு உடைச்சவள்."

ஓட்டோவில் இருந்தே டொக்டருக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீர் குடிச்சீரோ?"

"ஓம் டொக்டர். விதியை மீறிப்போட்டன்."

"எவ்வளவு?"

"ஒரு கோப்பை. ஜெயம் அண்ணை அதைவிடக் கூட."

"நல்லா இருந்ததோ?"

"நல்லா இருந்தது டொக்டர்."

"அதையும் எழுதும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்த முறை சூசை அண்ணையின் கால் வீங்கவில்லை. ஒரு முறை வீங்காததை வைத்து எதையும் நிறுவமுடியாது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அடுத்த கூட்டத்தில் டொக்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் வெண்பலகைக் கோட்டை அவரே அழித்தார். அழித்துவிட்டு, வீட்டுப் பயணம் உள்ள மற்றவர்களைப் பற்றி ஜெயம் அண்ணையிடம் கேட்டார். ஜெயம் அண்ணை ஒவ்வொரு வீடாக நினைத்துச் சொன்னார். மருதனார்மடத்தில் ஒரு வீட்டில் நாங்கள் போகும் நாளுக்கு ஆட்டிறைச்சி. காங்கேசன்துறையில் ஒரு வீட்டில் சேவல். மறுப்பது நாங்கள், சாப்பிடுவது நோயாளி. நாங்கள் வீடு வீடாகப் போய் வீக்கத்தை விதைத்துக்கொண்டிருந்தோம்.

சமைக்கவேண்டாம் என்று எல்லோருக்கும் கடிதம் அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். ஜெயம் அண்ணை அவரை இரக்கத்தோடு பார்த்தார். "கடிதம் போனா, டொக்டர்மார் கடிதம் போட்டுட்டு வருகினம் எண்டு இன்னும் ஒரு கறி கூடும்."

"நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் போனால் என்ன?" என்று நான் கேட்டேன்.

நான் கொக்குவில்காரி. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. ஜெயம் அண்ணை வீட்டிலும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் இதை ஒருவருக்கும் விளக்கவேண்டியதில்லை. நெற்றியில் திருநீறு வைத்த இரண்டு பேர் வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்றால், கிறிஸ்தவ வேதக்கார வீடானாலும் அடுப்பில் நண்டு ஏறாது. சொதியும் இடியப்பமும்தான் வரும். ஒருவரையும் குற்றம் சொல்லவேண்டாம், ஒருவரையும் தடுக்கவேண்டாம். ஒரே ஒரு மாற்றம், இனி நாங்கள் மறுக்கக்கூடாது.

டொக்டர் யோசித்தார். "நல்லது. இதை ஒழுக்கநெறிக் குழுவுக்கு என்னெண்டு எழுதிறது? வருகை நாள் வெள்ளி, காரணம் வசதி எண்டு போடுவமோ?"

"இல்லை டொக்டர். உள்ளதையே எழுதுவம்."

எழுதினோம். கேள்விக்கொத்தில் போன பயணத்து நாளின் சாப்பாட்டையும் சேர்த்தோம். குழுவிலிருந்து அனுமதி வந்தது. அதோடு, மறுத்த உணவுகளை நாங்கள் இவ்வளவு விபரமாக எழுதியது தேவையா என்று யாரோ ஓர் உறுப்பினர் பென்சிலால் கேட்டிருந்தார்.

முதலாவது வெள்ளிக்கிழமை பெரிய டொக்டரும் எங்களோடு குருநகருக்கு வந்தார். முற்றத்தில் வைத்து சூசை அண்ணையிடம், "நீங்கள் குளிசை போடேல்லை எண்டு நான் நினைச்சனான். பிழை என்ரை" என்றார். சூசை அண்ணை கொஞ்சம் கூச்சப்பட்டு, "பரவாயில்லை டொக்டர், ஓஃப்சைட் எண்டு நினைச்சுக் கொடி தூக்கிறதுதான்" என்றார். பிறகு எல்லோரும் உள்ளே போய் இருந்து சாப்பிட்டோம். டொக்டர் சொதியை மூன்று தரம் கேட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. ஒரு கட்டத்தில் போன் வராதது எனக்குக் கவலையாக இருந்து, நானே எடுத்து, கால் எப்படி என்று கேட்டேன். "எந்தக் கால்?" என்று கேட்டார்.

பெருநாள் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நானும் ஜெயம் அண்ணையும் போனோம். மைதானம் முழுவதும் மூத்தோர்கள், தங்களைவிட வேகமாக ஓடும் பந்தைத் திட்டிக்கொண்டு ஓடினார்கள். சூசை அண்ணை கோலில் நின்றார். மனைவியின் செருப்பு இல்லை, இரண்டு காலிலும் பூட்ஸ். முதல் பாதியில் ஒரு தரம் பந்தைக் கையில் பிடித்து, நிலத்தில் வைத்து, நாலடி பின்னால் போய், எங்கள் நுணுக்குக்காட்டி ஊசி ஊசியாகக் கண்ட அந்தக் காலாலேயே ஓங்கி அடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் கோலில் நின்றபடி என்னைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். கையின் பெருவிரலைத்தான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலையில் முடிந்தது. மச்சான் கோட்டுக்கு வெளியே அதே கதிரையில் இருந்து, "இந்தக் கோலை நான் எண்டா விட்டிருக்கமாட்டன்" என்று இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மைதானத்து ஓரத்து மரநிழலில் றோசலின் அக்கா எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு பானை. மூடியைத் திறந்தார். நண்டு, றால், கணவாய், எல்லாம் இருந்தது. இரண்டு கோப்பையில் வார்த்து எனக்கும் ஜெயம் அண்ணைக்கும் நீட்டினார். வியர்வையோடு வந்து பக்கத்தில் இருந்த சூசை அண்ணையும் கையை நீட்டினார். அக்கா பானைக்கு மூடியைப் போட்டார்.

"உங்களுக்கு அந்தப் போத்தலிலை மோர் கிடக்கு."

"ஏனப்பா, ஒரு வாய்."

"இது அவைக்குக் காச்சினது. நீங்கள் இருந்து பாருங்கோ."

நான் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வெள்ளிக்கிழமையை ஏன் பிடிச்சனியள் எண்டு எனக்கு விளங்காது எண்டு நினைச்சியோ பிள்ளை?"

"எப்ப அக்கா விளங்கினது?"

"முதல் வெள்ளியே. அவ்வளவு பெரிய டொக்டர் வந்து இருந்து, என்ரை உப்புக் கூடின சொதியை மூண்டு தரம் வாங்கிக் குடிக்கிறார். ஆருக்கெண்டாலும் விளங்கும்." அவர் ஜெயம் அண்ணையின் கோப்பையை மறுபடி நிரப்பினார். "என்னைக் குறை சொல்லாமல் இருக்கிறதுக்கு நீங்கள் எல்லாரும் படுற பாட்டைப் பாத்தன். பாவங்கள், இருக்கட்டும் எண்டு நானும் ஒண்டும் கேக்கேல்லை."

சூசை அண்ணை மோர்ப் போத்தலைத் திறந்தார். நாங்கள் குடிக்கும் ஒவ்வொரு வாயையும், பந்து வரும் திசையைப் பார்ப்பதுபோல, கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கோப்பில் இருக்கிறது. அடுத்த வீட்டுப் பயணத்துக்கு நீங்கள்தான் போகப்போகிறீர்கள். கைப்பட்டியை மறக்காதீர்கள். மறந்தால், போய் எடுக்கத் தயங்காதீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள்.